டோட்டி வளர்ந்தால்

மூன்று பிள்ளைகளைக் கொடுத்திருப்பார். இரண்டில் சிரிப்பு வராது, நான்கு என்றால் கூட்டம், மூன்றுதான் வேடிக்கை என்பது அப்பாவின் கணக்கு. டோட்டிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் எதையாவது கொளுத்துவான். நடுவில் ஒருத்தி எதற்கெடுத்தாலும் அழுவாள். கடைசி ஒன்று இடுப்பை விட்டு இறங்காது. மேசையைச் சுற்றி எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிக்க வேண்டும்.

இல்லையென்றால் பிள்ளையே கொடுத்திருக்க மாட்டார். ஏழு பூனைகளைக் கொடுத்திருப்பார். அப்படியென்றால் அம்மா அவரிடம் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம்.

பெற்றோர் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, எஞ்சினைக்கூட அணைக்காமல், ரோவினா இந்த இரண்டையும் மாற்றி மாற்றி எடை போட்டுக்கொண்டிருந்தாள். எது குறைவாக வலிக்கும் என்று தெரியவில்லை.

டோட்டி அவளுடைய தங்கை அல்ல. டோட்டி அவளேதான். எட்டு வயதில் நின்றுபோன அவள்.

முப்பது வருடங்களுக்கு முன், வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த ஹாலிஸ், சாப்பாட்டு மேசையில் தன் குடும்பத்தையே எழுதத் தொடங்கினார். வீட்டுச் சாமான்களோடு சண்டை போடும் அப்பா, ஊரையே அதட்டும் அம்மா, சோம்பேறி அண்ணன், பொய் சொல்லும் குட்டிப் பெண். ‘டங்க்லி குடும்பம்’ கார்ட்டூன் தொலைக்காட்சிக்கு வந்தபோது ஒரு சீசன் ஓடினால் போதும் என்று நினைத்தார்கள். இன்னும் ஞாயிறு மாலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் யாருக்கும் வயதாவதில்லை. அண்ணன் அதே வகுப்பில் இருக்கிறான். டோட்டி எதையாவது உடைத்துவிட்டு, “நான் இல்ல, நாய்தான்!” என்கிறாள்.

ரோவினாவுக்கோ வயது முப்பத்தெட்டு. பாசடீனாவில் ஒரு பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிறாள். அவள் யார் மகள் என்று தெரிந்துகொண்ட நோயாளிகள், வாயைத் திறந்து படுத்தபடியே அந்த வசனத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். அவள் உறிஞ்சுகுழாயை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுவாள்.

டோட்டிக்குக் குரல் கொடுப்பது அவளுடைய அம்மா பெவர்லி. முதல் எபிசோடுக்குக் குழந்தை நடிகை கிடைக்காமல் ஹாலிஸ் தலையைப் பிய்த்துக்கொண்டபோது, பெவர்லி அடுப்படியிலிருந்தே மகளைப் போலப் பேசிக் காட்டினாள். அந்தக் குரல் நிலைத்துவிட்டது. தன் எட்டு வயது அம்மாவின் தொண்டைக்குள் குடியிருப்பதை நினைத்தால், சில நாட்களில் ரோவினாவுக்கு இதமாக இருக்கும். சில நாட்களில் மூச்சு முட்டும்.

வீட்டில் நடந்ததெல்லாம் கார்ட்டூனில் வந்தது. பதினோரு வயதில், தோழி வீட்டில் தூங்கப் போன இடத்தில் ரோவினா படுக்கையை நனைத்துவிட்டாள். அம்மாவிடம் மட்டும்தான் சொன்னாள். பத்து மாதம் கழித்து டோட்டி அதையே செய்துவிட்டு நாயின் மேல் பழி போட்டபோது நாடே சிரித்தது. மறுநாள் பள்ளி நடையில் பிள்ளைகள் அவளைப் பார்த்துக் குரைத்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் அப்பாவோடு பேசவில்லை. வசந்தத்தில் ஹாலிஸ் இறங்கி வந்து ஒரு விதி செய்தார். எதையாவது சொல்வதற்கு முன் “பேனா கீழ” என்று சொல்லிவிட்டால், அது கதைக்குப் போகாது. சொல்லாவிட்டால் போகும். அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் அந்த விதியை மீறியதில்லை. அண்ணன் கர்ட் தன் விவாகரத்தைக்கூட “பேனா கீழ” என்றுதான் தொடங்கினான்.

ரோவினா ஒரே ஒரு முறை மறந்தாள்.

அது ஒரு மழை நாள். இரண்டாவது முறையும் கரு தங்காமல் போய், இனி முயற்சி வேண்டாம் என்று அவளும் கணவன் டெஸ்மண்டும் முடிவு செய்த வாரம் அது. அம்மாவின் அடுப்படியில் நனைந்த கோட்டோடு நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பாதி வழியில்தான் உறைத்தது, அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லவில்லை என்று. அப்போது அழுகை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அதற்கு மறுவாரம் அப்பா தொலைபேசியில் உற்சாகமாகச் சொன்னார். “முப்பது வருஷம் கழிச்சு டங்க்லி குடும்பம் எப்படி இருக்கும்னு ஒரு எபிசோட் எழுதறேன், செல்லம். நடிகருங்க படிச்சுப் பாக்கற வாசிப்புக்கு நீ கண்டிப்பா வரணும்.”

எட்டும் முப்பதும் முப்பத்தெட்டு. டோட்டியின் எதிர்காலம் என்பது ரோவினாவின் இன்று.

கார்க் கதவு திறந்தது. பெவர்லி கழுத்தைச் சுற்றித் துணியும், கையில் ஃபிளாஸ்க்குமாக ஏறி உட்கார்ந்தாள்.

“வெயில் இப்படிக் கொளுத்துது, கழுத்துல என்னம்மா துணி?”

“ஸ்டுடியோல ஏசி போட்டா பனிமலை மாதிரி இருக்கும். நீ ஓட்டு.”

“அப்பா?”

“விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாரு. காப்பி போட்டு வச்சா, குடிக்காம சிங்க்ல ஊத்திட்டுப் போறாரு. கேட்டா குடிச்ச மாதிரி ஞாபகமாம்.”

“நீ ஸ்கிரிப்ட் படிச்சியா?”

“எங்க காட்டினாரு? முப்பது வருஷமா மொத ஆளா நான்தான் படிப்பேன். இந்தத் தடவை அலமாரில வச்சுப் பூட்டிட்டாரு. நான் என்ன எதிரி நாட்டு உளவாளியா?”

ரோவினா கணக்குப் போட்டாள். அம்மாவிடமிருந்தே மறைக்கிறார் என்றால், அம்மா சொன்ன எதையோ எழுதியிருக்கிறார். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

“என்னடி, பல்லைப் பிடுங்கிக்க வந்தவ மாதிரி உக்காந்திருக்க? அடுத்தவங்களைத்தானே தினம் அப்படி உக்கார வைக்கிற?”

“அம்மா, அன்னிக்கு அடுப்படில நான்…”

“செவப்பு! ரோ, செவப்பு விளக்கு!”

பிரேக்கை மிதித்தாள். பின்னால் ஒருவன் ஹாரனை விடாமல் அடித்தான். பெவர்லி திரும்பி அவனை ஜன்னல் வழியாகத் திட்டினாள், டோட்டியின் குரலில். அவளுக்கு அது பழக்கம். இன்று பாதியிலேயே இருமல் வந்து நிறுத்திவிட்டாள். மீண்டும் பேச்சைத் தொடங்க ரோவினாவுக்குத் துணிவு வரவில்லை. ஸ்டுடியோ இருக்கும் பர்பாங்க் வரும்வரை வானொலி மட்டும் பேசியது.

வாசிப்பு அறையில் மேசைகளை லாடம் போல வளைத்துப் போட்டிருந்தார்கள். நடிகர்கள் நடுவில், எழுத்தாளர்கள் பக்கங்களில். சுவர் ஓரமாக இருந்த நாற்காலிகள் வந்து போகிறவர்களுக்கு. எல்லோர் முன்னாலும் ஸ்கிரிப்ட்டும் பென்சிலும். சிரிப்பு வந்த இடத்தில் ஒரு குறி போட வேண்டும், வராத இடத்தை இன்றே மாற்றி எழுதுவார்கள்.

தயாரிப்பாளர் டார்சி கையில் டோனட்டோடு வந்தாள். “வா வா, ரோ! நாய் எங்க?”

“கார்ல இருக்கு,” என்றாள் ரோவினா. வருடக்கணக்காகச் சொல்லும் பதில். டார்சி புதிதாகக் கேட்டவள் போலச் சிரித்தாள்.

ஹாலிஸ் எழுந்து வந்து மகளை அணைத்துக்கொண்டார். அவர் கை சில்லென்றிருந்தது. “முன்னாடி உக்காரு, செல்லம்.”

“சுவரோரமா இருக்கேன்ப்பா.”

அவர் வற்புறுத்தவில்லை. அதுவும் அவளுக்குப் பயமாக இருந்தது.

வாசிப்பு தொடங்கியது. காட்சி விவரங்களை எப்போதும் போல ஹாலிஸே படித்தார். முதலில் வழக்கமான வீடு, வழக்கமான டோட்டி. பந்து எறிந்து விளக்கை உடைக்கிறாள். பெவர்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நான் இல்ல, நாய்தான்!”

குரல் மேலே ஏறும்போது நடுவில் கீறல் விழுந்தது. மேசை சிரித்தது. அப்பா டங்க்லிக்குக் குரல் கொடுக்கும் ரஸ்ஸல் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். பெவர்லி யாரையும் பார்க்காமல் ஃபிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்தாள்.

“முப்பது வருஷத்துக்கு அப்புறம்,” என்று படித்தார் ஹாலிஸ்.

ரோவினா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கிழ டங்க்லியைத் தூக்கிச் சுமக்கும் நாற்காலி, அவர் எடையைத் தெருவுக்கே அறிவித்தது. குளிர்ப்பெட்டி அவருக்குப் பன்றி இறைச்சி தர மறுத்துத் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. அவர் அதன் முன் மண்டியிட்டுக் கெஞ்சினார். அம்மா டங்க்லி நகர மேயர், புருஷன் புல் வெட்டவில்லை என்று அவருக்கே அபராதம் போட்டாள். அண்ணன் வழுக்கையோடு அதே நிலவறையில் இருந்தான், இப்போது மனைவியையும் சேர்த்துக்கொண்டு. நாய் மட்டும் அதே நாய். எப்படி என்று யாரும் கேட்கக் கூடாதாம்.

பென்சில்கள் குறி போட்டுக்கொண்டே போயின. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. அப்பா நன்றாக எழுதினால் அது எங்கும் போய் ஒட்டிக்கொள்ளும்.

குடும்பமே கூடும் நன்றி நாள் விருந்து. வான்கோழி மேசையில் ஆறிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் டோட்டிக்காகக் காத்திருக்கிறார்கள்.

“இந்நேரம் ஜெயில்ல இருப்பா,” என்றான் அண்ணன்.

“ஜெயிலரா இருப்பா,” என்றாள் அவன் மனைவி.

“வாயைக் கழுவு,” என்றாள் அம்மா டங்க்லி. “அவ பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வருவா. எத்தனைன்னுதான் தெரியல. எதுக்கும் ஆறு நாற்காலி போடு.”

அறை சிரித்தது. ரோவினா தன் முகத்தைச் சிரிப்பது போல வைத்துக்கொண்டாள். இதோ, வந்துவிட்டது.

“யாரு பிள்ளைங்க?” என்றார் கிழ டங்க்லி.

“அவ பிள்ளைங்கதான்!”

“அவளே பிள்ளைதானே?”

ரஸ்ஸல் அந்த வரியை மெதுவாகப் படித்தான். இந்த முறை சிரிப்பு சட்டென்று வரவில்லை. ஓரிருவர் பென்சிலை எடுத்துவிட்டுக் குறி போடாமல் வைத்தார்கள்.

“அழைப்பு மணி அடிக்குது,” என்று படித்தார் ஹாலிஸ். “நாய் ஓடுது. கதவு திறக்குது. வாசல்ல டோட்டி. வயசு முப்பத்தெட்டு.”

பக்கத்தைத் திருப்பினார். அறை முழுக்கக் காகிதம் சரசரத்தது.

அடுத்த பக்கம் வெள்ளையாக இருந்தது.

“அச்சுல விட்டுப்போச்சா?” என்றான் ரஸ்ஸல்.

“இல்ல. எழுதல,” என்றார் ஹாலிஸ்.

டார்சி டோனட்டைக் கீழே வைத்தாள். “ஹாலிஸ், வெள்ளிக்கிழமை இது வரையறவங்க கைக்குப் போகணும்.”

“தெரியும். கொஞ்ச நேரம் எல்லாரும் காப்பி குடிங்க.”

ரோவினா எழுந்து வெளியே நடைக்கு வந்தாள். சுவர் நெடுக டோட்டி. சைக்கிளில், மரத்தில், தபால் தலையில். ஒன்றும் எழுதவில்லை. பிள்ளையும் இல்லை, பூனையும் இல்லை. அவளுக்கு அழ வேண்டும் போலவும் சாப்பிட வேண்டும் போலவும் ஒரே நேரத்தில் இருந்தது.

பெவர்லி பின்னாலேயே வந்தாள். “என்ன ஆச்சு? மூஞ்சி வெளுத்துக் கெடக்கு.”

“அம்மா, நீ சொல்லலயா?”

“எதை?”

“அன்னிக்கு அடுப்படில சொன்னேனே.”

பெவர்லி நடையின் இரு பக்கமும் பார்த்தாள். “இல்ல.”

“நான் பேனா கீழன்னு சொல்லல.”

“சொல்லலதான்.”

“அப்போ விதிப்படி நீ…”

“விதியாம் விதி!” பெவர்லி கிசுகிசுப்பாகவே சீறினாள். “வாயால சொன்னாத்தானா? உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? சொட்டச் சொட்ட நனைஞ்சு நிக்கற, அப்பவும் நான் ஒனக்கு விதி பாக்கணுமா?”

ரோவினா சுவரில் முதுகைச் சாய்த்தாள்.

“தினம் கேட்டாரு,” என்றாள் பெவர்லி. “பெவ், ரோ எப்படி இருக்கா, என்ன பண்றா, டெஸ்மண்டும் அவளும் எப்படி? நல்லா இருக்காங்கன்னேன். மறுநாளும் கேட்டாரு. நல்லா இருக்காங்கன்னேன். நல்லா இருக்காங்கன்னு வச்சுக்கிட்டு மனுஷன் என்னத்தை எழுதுவாரு?” அவள் துணியைச் சரிசெய்துகொண்டாள். “நீ விழுந்தது, அழுதது, புளுகினது எல்லாத்தையும் நான்தான் அவர்கிட்ட கொண்டுபோய்க் கொட்டினேன். நல்லா வரும், நல்லா வரும்னு. அந்தப் படுக்கை விஷயத்தையும்தான். இதை மட்டும் தரக் கூடாதுன்னு இருந்துட்டேன்.”

அப்போதுதான் ரோவினாவுக்குப் புரிந்தது. அப்பா அலமாரியில் பூட்டி வைத்தது எழுதியதை அல்ல, எழுத முடியாமல் போனதை. அந்த வெள்ளைப் பக்கம் முழுக்க அம்மா வாயைத் திறக்காமல் இருந்ததுதான் இருக்கிறது. இத்தனை வருடங்களில் அந்தத் தொடரில் தன்னைப் பற்றி வந்தவற்றில் இதைப் போல அன்பான ஒன்று இல்லை என்று தோன்றியது.

அம்மாவின் தோளில் நெற்றியைச் சாய்த்தாள். வெந்நீரும் தேனும் கலந்த வாசனை. சிரிப்புதான் முதலில் வந்தது. “சொல்லித் தொலைச்சிருக்கலாம்லம்மா. கார்ல வரும்போதே செத்துட்டேன்.”

“நீதான் செவப்பு விளக்குல நம்ம ரெண்டு பேரையும் கொல்லப் பாத்த.”

பெவர்லியும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது. அடங்கியதும் கை தானாகக் கழுத்துத் துணிக்குப் போனது.

“எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு, ரோ. பேனா கீழ.”

“என்னம்மா?”

“இங்க வேண்டாம். வியாழக்கிழமை ஒரு டாக்டரைப் பாக்கணும். நீ என்கூட வா. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.”

“எந்த டாக்டர்? அம்மா…”

அறைக் கதவைத் திறந்துகொண்டு ஹாலிஸ் வந்தார். பெவர்லி முகத்தை மாற்றிக்கொண்டாள். “நான் போய் ஒரு டோனட் எடுத்துக்கறேன். எல்லாத்தையும் ரஸ்ஸல் தின்னு தீத்துருவான்,” என்று அவரைக் கடந்து உள்ளே போனாள்.

ஹாலிஸ் மகளுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்தார். அவர் தலைக்கு மேல் டோட்டி மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

“கோவமா?”

“எதுக்குப்பா?”

“எழுதாம விட்டதுக்கு.”

“இல்ல.”

“மொதல்ல மூணு பிள்ளைங்களோட எழுதினேன்,” என்றார். ரோவினா அசையாமல் நின்றாள். “சிரிப்பு நல்லாத்தான் வந்தது. ஆனா அது யாரோ ஒரு பொண்ணு. கிழிச்சுட்டேன். அப்புறம் தனியா இருக்கற மாதிரி எழுதினேன். அதுவும் யாரோதான். எட்டு வயசு வரைக்கும் எனக்கு அவளை நல்லாத் தெரியும், ரோ. காலை எப்படி ஆட்டுவா, பொய் சொல்லும்போது எந்தக் கண்ணு சிமிட்டும், எல்லாம் தெரியும். அதுக்கப்புறம்…”

அவர் முடிக்கவில்லை. அப்பா ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டு ரோவினா பார்த்ததில்லை.

“உங்கம்மா, ரோ நல்லா இருக்கான்னு மட்டும் சொல்றா,” என்றார். “நல்லாத்தான் இருக்கியா?”

“இருக்கேன்ப்பா.” சொன்னபிறகு கவனித்தாள், இந்த நிமிடத்தில் அது உண்மைதான்.

“அப்போ ஒண்ணு செய்வியா? உள்ள வந்து உக்காரு. கதவு திறக்குது, நீ வாசல்ல நிக்கற. என்ன தோணுதோ அதைச் சொல்லு. ஒரே ஒரு வரி. உன் குரல்லயே. குரல் இருந்தாப் போதும், அதை வச்சு முகத்தை வரைஞ்சுருவாங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

இதுவரை அவர் கேட்டதில்லை. எடுத்துக்கொள்வார், அல்லது கொண்டுவந்து தரப்படும். முதல் முறையாக, கையை நீட்டிக் கேட்கிறார். கொடுத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ‘பசிக்குது’ என்றால் போதும். ‘லேட்டாயிடுச்சு’ என்றால்கூடப் போதும். அப்பா அதிலிருந்து ஒரு ஆளையே செய்துவிடுவார்.

அப்புறம் அந்த ஆள் இருப்பாள். கடையில் வரிசையில் நிற்பவர்கள் அவளைத் தெரிந்து வைத்திருப்பார்கள். நோயாளிகள் படுக்கை நாற்காலியில் வாயைத் திறந்தபடி அந்த வரியைக் கேட்பார்கள். வீட்டில் பிள்ளைக்கென்று வைத்திருந்த அந்தச் சின்ன அறைக்கு என்ன நிறம் அடிப்பது என்றுகூட அவளும் டெஸ்மண்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. எந்த வாசலில் நிற்கிறாள், கதவு திறந்தால் என்ன சொல்வாள் என்று அவளுக்கே தெரியாது. தெரியாமல் இருப்பது இன்று பயமாக இல்லை. தன்னுடையதாக இருந்தது.

டார்சி தலையை நீட்டினாள். “ஹாலிஸ், எல்லாரும் வந்தாச்சு. ரோ படிக்கறாளா?”

ஹாலிஸ் மகளைப் பார்த்தார். கேட்கும்போது அவருக்கு எந்தக் கண் சிமிட்டும் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

“வேண்டாம்ப்பா.”

“ஒரு வரிதான்.”

“தெரியும்.” அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். “என் குரல் எனக்கே வேணும்.”